கைப்பிடி இல்லாத கருவிகள்: தனி ஆளாகத் தற்சார்பு வாழ்க்கை தொடங்கிய டிக் ப்ரெனிக்கியின் முதல் 16 மாதங்கள்

1968 மே 21 அன்று டிக் ப்ரெனிக்கி அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் உள்ள ட்வின் லேக்ஸ் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது, அவர் கொண்டு வந்த கருவிகள் பலவற்றுக்குக் கைப்பிடி இல்லை. இரும்புப் பாகம் மட்டும்தான் மூட்டையில் இருந்தது. சின்ன விமானத்தில் இடத்தையும் எடையையும் பார்த்துப் பார்த்துத்தான் சாமான் ஏற்ற முடியும். போகிற இடத்திலேயே மரம் கிடைக்கும், கைப்பிடியை அங்கே செதுக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 52. கல்யாணமாகாதவர். வந்த இடத்துக்குச் சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது, பக்கத்து வீடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காட்டுக்குப் போனவர் என்றுதான் இவரைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. தற்சார்பு வாழ்க்கைக்குத் தனியாகக் கிளம்ப நினைக்கிற பலருக்கு இந்தச் சித்திரம் பெரிய உந்துதல். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் வாழ்ந்த முறையை விவரம் விவரமாகப் பார்க்கப் பார்க்க வேறொன்று கண்ணில் பட்டது. எது தன் கையால் ஆகும், எது வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதில் இவ்வளவு கறாராக இருந்த இன்னொருவரை நான் படித்ததில்லை. கைப்பிடி அவர் கையால் ஆகும், எஃகு ஆகாது. அவருடைய மொத்த வாழ்க்கையையும் இப்படி இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதிவிடலாம். அந்தக் கணக்கை முடிந்தவரை முழுதாக எழுதிப் பார்க்கத்தான் இந்த ஆய்வு.

வருவதற்கு முன்

டிக் என்கிற ரிச்சர்ட் லூயிஸ் ப்ரெனிக்கி 1916 மே 4 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிரிம்ரோஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கிணறு தோண்டும் தொழில் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய மறுநாளே இவர் கடற்படையில் சேர்ந்து தச்சராக வேலை பார்த்தார். பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்து 6 மாதம் மருத்துவமனையில் கிடந்தார். 1945-இல் உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டார். அந்தப் படுக்கைக்குப் பிறகு உடம்பை வலுவாக வைத்துக்கொள்வதை அவர் ஒரு விரதம் போலவே எடுத்துக்கொண்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் டீசல் மெக்கானிக் வேலை படித்தார். ஒரேகானில் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். 1950-இல் அலாஸ்காவின் ஷூயாக் தீவுக்கு வந்தார். கோடியாக் கடற்படைத் தளத்தில் கனரக இயந்திரங்களை ஓட்டுவதும் பழுது பார்ப்பதுமாகப் பல ஆண்டுகள் போயின. இடையில் சால்மன் மீன்பிடிப்புக்கும் போனார். கைவேலையில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததால் வேலை தேடி வந்தது, காசும் சேர்ந்தது. ஒரு வேலை விபத்தில் கண்பார்வையே போய்விடும் என்ற நிலை வந்து, பிழைத்துக்கொண்டார். சீக்கிரமே வேலையிலிருந்து விலகுவது என்று அவர் முடிவெடுத்ததற்கு அந்த விபத்து ஒரு காரணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1950-இலிருந்து 1968 வரை 18 ஆண்டுகள் அவர் அலாஸ்காவிலேயே இருந்திருக்கிறார். அந்தக் குளிர், அந்தக் கடல், அந்தக் காட்டு விலங்குகள் எதுவும் அவருக்குப் புதிதில்லை. தச்சு வேலை தெரியும், இயந்திரம் தெரியும், கடன் இல்லை, சேமிப்பு இருந்தது. நகரத்து வேலையை வெள்ளிக்கிழமை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை காட்டில் இறங்கியவர் இல்லை இவர். "தொடக்கம்" என்று நாம் சொல்லும் அந்த மே மாதம், உண்மையில் 18 வருடத் தயாரிப்பின் கடைசி நாள்.

அந்த நிலமும் அதற்கு முன் இருந்தவர்களும்

ட்வின் லேக்ஸ் அலாஸ்காவின் தென்மேற்கில், மலைகளுக்கு நடுவே இருக்கும் இரட்டை ஏரி. ஏறக்குறைய 60 டிகிரி வடக்கு அட்சரேகை. ஜூன் மாதத்தில் பகல் 19 மணி நேரம் வரை நீளும். டிசம்பர் கடைசியில் 6 மணி நேரம்கூடத் தேறாது. இதே வட்டாரத்தில், லேக் கிளார்க் ஏரியைச் சுற்றி, தெனாய்னா பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். சால்மன் வரும் பருவத்தில் கூட்டமாகச் சேர்ந்து பிடித்து, கீறி, உலர்த்தி, குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். கிஜிக் என்ற அவர்களுடைய பழைய குடியிருப்பின் தடங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இதை நான் இங்கே சொல்லக் காரணம் உண்டு. அந்த மண்ணில் உண்மையான தற்சார்போடு வாழ்ந்தவர்கள் அவர்கள்தான், அதையும் ஊர் கூடித்தான் செய்தார்கள். தனி ஆள் அங்கே போய் எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் செய்வது என்பது பிற்காலத்தில் வந்த எண்ணம்.

அந்த எண்ணத்துக்கு ஒரு சட்டமும் துணை நின்றது. 1862-இல் அமெரிக்காவில் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், 160 ஏக்கர் வரை அரசு நிலத்தை ஒருவர் கேட்டுப் பெறலாம் என்றது. 5 ஆண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், பயிர் செய்ய வேண்டும். திருமணமாகாத பெண்களும் தங்கள் பெயரில் கேட்கலாம். மொத்தம் 16 லட்சம் பேர் அளவுக்கு இப்படி நிலம் பெற்றார்கள், 27 கோடி ஏக்கர் கைமாறியது. அதில் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1976-இல் சட்டம் நீக்கப்பட்டபோது அலாஸ்காவுக்கு மட்டும் 1986 வரை அவகாசம் கொடுத்தார்கள். இந்தச் சட்டத்தின்கீழ் கடைசியாகப் பட்டா வாங்கிய கென்னத் டியர்டார்ஃப் என்பவரும் தென்மேற்கு அலாஸ்காவில்தான், ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கர் கேட்டிருந்தார். நிபந்தனைகளை எல்லாம் 1979-இலேயே முடித்தவர் கைக்குப் பட்டா வந்தது 1988-இல். மண்ணோடு போராடுவது ஒரு பக்கம் என்றால் காகிதத்தோடு போராடுவது இன்னொரு பக்கம். நிலம் வாங்கிய எவருக்கும் இது தெரிந்திருக்கும்.

ப்ரெனிக்கி ஏக்கர் கணக்கில் பண்ணை அமைக்கப் போகவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு குடிசை, ஒரு சின்னத் தோட்டம், நடப்பதற்கு மலை.

1967: ஒரு வருடம் முன்னால் வெட்டிய மரம்

அவர் ட்வின் லேக்ஸை முதலில் பார்த்தது 1962-இல். உடனே போய்க் குடியேறிவிடவில்லை. திரும்பத் திரும்பப் போய் வந்தார். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்பைக் கேரித்தர்ஸ் என்ற நண்பருக்கு மேல் ஏரியின் கரையில் ஒரு குடிசை இருந்தது. போகும்போதெல்லாம் அங்கே தங்கி இடத்தைப் பழகினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பனி எங்கே குவிகிறது, வெயில் எந்தச் சரிவில் விழுகிறது என்பதெல்லாம் ஒரு முறை பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம் கிடையாது. ஆறு வருடம் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வாழப் போனார்.

1967 கோடையில் வந்தபோது தன் குடிசைக்கான ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வெட்டி, பட்டை உரித்து, அடுக்கி வைத்துவிட்டுப் போனார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பச்சை மரத்தில் சுவர் எழுப்பினால் காயும்போது சுருங்கும், முறுக்கும். பொருத்தி வைத்த இடமெல்லாம் இடைவெளி விடும், குளிர்காற்று உள்ளே நுழையும். பட்டையோடு விட்டால் பூச்சி பிடிக்கும், ஈரம் தங்கும். ஒரு குளிர்காலம் முழுக்க மரம் காய்ந்து கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போக ஒருவருக்குப் பொறுமை மட்டும் போதாது, அடுத்த வருடம் கட்டாயம் வருவோம் என்ற திட்டமும் வேண்டும். 1968 மே மாதம் அவர் வந்து இறங்கியபோது சுவருக்கான மரம் தயார். கட்டி முடிக்கும்வரை தலை சாய்க்க நண்பரின் குடிசையும் தயார்.

தனியாகத் தொடங்குகிறவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். போன பிறகு தங்க இடம், போன பிறகு தண்ணீர், போன பிறகு விறகு என்று எல்லாமே முதல் பருவத்தின் தலையில் வந்து விழும். முதல் பருவம் எந்த மனிதனாலும் தாங்க முடியாத அளவு கனத்துப் போகும். இரவல் கூரை ஒன்று இருந்ததால்தான் ப்ரெனிக்கி தன் கூரையை அவசரப்படாமல் செய்ய முடிந்தது.

குடிசை

உள்ளளவு 15 அடி நீளம், 11 அடி அகலம். ஒரு ஆள் கட்டக்கூடிய, ஒரு ஆள் சூடாக வைத்திருக்கக்கூடிய அளவு. ஒவ்வொரு அடி கூடும்போதும் கூடுதல் மரம், கூடுதல் நாள், அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கூடுதல் விறகு. இந்தக் கடைசிச் செலவை வீடு கட்டும்போது யாரும் நினைப்பதில்லை. அவர் நினைத்தார்.

மின்கருவி எதுவும் இல்லை, சங்கிலி ரம்பமும் இல்லை. கோடரி, கைரம்பம், உளிகள், இழைப்புளி, துளையிடும் கைத்திருகு. ஏரிக்கரைச் சரளையை அள்ளிப் போட்டு அடித்தளம் அமைத்தார். மண்ணில் நேராகப் படும் மரம் சீக்கிரம் மட்கிவிடும், சரளையில் தண்ணீர் வடிந்துவிடும். மேல் மரத்தின் அடிப்பக்கத்தைக் கீழ் மரத்தின் முதுகு வளைவுக்கு ஏற்பக் குடைந்து, மூலையில் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும்படி வைத்தார். கவராயம் போன்ற ஒரு கருவியால் கீழ் மரத்தின் வளைவை மேல் மரத்தில் கோடாக இழுத்து, அந்தக் கோடு வரை செதுக்குவதுதான் முறை. சொல்ல எளிது. ஆனால் ஒவ்வொரு மரத்தையும் ஏற்றி, கோடு போட்டு, இறக்கி, செதுக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாமல் இதைச் செய்ய மரத்தை உருட்டவும் நெம்பவும் தெரிந்திருக்க வேண்டும். இடுக்குகளில் பாசியை அடைத்தார்.

கூரைக்கு ஸ்புரூஸ் கழிகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் தார்த்தாள், பாலித்தீன் விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் பாசித் திட்டுகள். இந்தக் கூரையைப் பார்த்தாலே அவருடைய கணக்கு புரிந்துவிடும். மேலே தெரிவது பாசி, கீழே தெரிவது மரக்கழி, இரண்டும் காட்டுப் பொருள். நடுவில் மழையைத் தடுப்பது தொழிற்சாலையில் செய்த பாலித்தீன். இயற்கைப் பொருள் மட்டும்தான் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் பழைய முறைகள் இருக்கின்றன, நடந்திருக்கும். ஆனால் ஒழுகும் கூரையோடு ஒரு அலாஸ்கா குளிர்காலத்தைக் கடத்த வேண்டிய அபாயத்தை அவர் எடுக்கவில்லை. நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை.

கதவு இரண்டு பாதியாகத் திறக்கும். கீழ்ப்பாதியை மூடிவிட்டு மேல்பாதியை மட்டும் திறந்து வைக்கலாம். அதன் கீல் மரம், தாழ்ப்பாளும் மரம். ஏரியைப் பார்க்க ஒரு பெரிய ஜன்னல். கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் அங்கேயே செய்தது. சுவர் நின்ற பிறகு பின்பக்கச் சுவரை அறுத்துத் திறந்து, கல்லால் ஒரு கணப்படுப்பு கட்டினார். கல் அங்கே கிடைத்தது, மணல் கிடைத்தது. சிமெண்ட் மட்டும் விமானத்தில் வந்தது. குளிர் இறுகிவிட்டால் சாந்து பிடிக்காது, அதனால் அந்த வேலை நாளோடு போட்டி போட்டு நடந்தது.

பெட்ரோல் வந்த சதுரத் தகர டப்பாக்களை வெட்டிப் பாத்திரம் கழுவும் தொட்டி, மாவு வைக்கும் டப்பா என்று செய்துகொண்டார். கரண்டிகளை மரத்தில் செதுக்கினார். கரடிக்கும் அணிலுக்கும் எட்டாமல் உணவை வைக்க, உயரமான கால்களின்மேல் ஒரு குட்டி அறையைக் கட்டினார். எரிபொருளாக வந்த டப்பா, காலியான பிறகு இன்னொரு பொருளாகும். அவரிடம் குப்பை என்று தனியாக அதிகம் சேரவில்லை.

இந்தக் குடிசைக்கு வெளியிலிருந்து வாங்கிய பொருளுக்கு 40 டாலர் அளவில்தான் ஆனது என்பது பலரும் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படும் செய்தி. எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவர் கிளம்பிவிடக் கூடாதே என்று. அந்த 40 டாலரில் அவருடைய கருவிகளின் விலை இல்லை, தச்சராக அவர் கற்ற வருடங்கள் இல்லை, ஒரு வருடம் காத்துக் கிடந்த மரம் இல்லை, கட்டுகிற மாதங்களில் அவர் சாப்பிட்ட சாப்பாடு இல்லை, அதைக் கொண்டு வந்த விமானமும் இல்லை.

சாப்பாடு

காலையில் ஓட்ஸ் கஞ்சி, அல்லது புளித்த மாவில் சுட்ட அப்பம். தோசைக்குப் பழைய மாவை உறையாகச் சேர்ப்பதுபோல, அலாஸ்காவில் தலைமுறையாகப் புளித்த மாவில் கொஞ்சத்தை எடுத்து வைத்து அடுத்த மாவைப் புளிக்க வைப்பார்கள். ஈஸ்ட் வாங்கப் போக முடியாத இடத்தில் அந்த ஒரு கிண்ணம் மாவை உயிரோடு வைத்திருப்பது அன்றாடக் கடமை. அது செத்துப் போனால் ரொட்டியும் போச்சு. மாலையில் பெரும்பாலும் காய்ந்த பீன்ஸை மெதுவாக வேக வைத்துச் சாப்பிட்டார். பீன்ஸ் கெடாது, எடைக்கு ஏற்ற பலம் கொடுக்கும், நீண்ட நேரம் வேக வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை. கணப்பு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும், அதனால் அவருக்கு அதுவும் தொல்லையாகப் படவில்லை.

ஏரியில் ட்ரௌட் மீன் கிடைத்தது. கோடைக் கடைசியில் புளூபெர்ரி, கிரான்பெர்ரி பறித்தார். தோட்டத்தில் உருளைக்கிழங்கு, வெங்காயம், பட்டாணி, கீரை வகைகள். விதைகளை வெளியிலிருந்து வரவழைத்தார். பகல் நீளம் என்பதால் அங்கே செடி வேகமாக வளரும். ஆனால் உறைபனி இல்லாத நாட்கள் குறைவு. தாமதமாக ஒரு உறைபனி விழுந்தால் இளஞ்செடி எல்லாம் கருகும். முதல் இலையுதிர் காலத்தில் குளிர்கால இறைச்சிக்காக ஒரு காட்டுச் செம்மறிக் கிடாயை வேட்டையாடினார். அதை அவர் விருப்பத்தோடு செய்யவில்லை. பிற்காலத்தில், கொம்புக்காகவும் தலைக்காகவும் மட்டும் சுட்டுவிட்டு இறைச்சியைக் காட்டிலேயே விட்டுப்போகும் வேட்டைக்காரர்கள்மேல் அவருக்கு ஆழ்ந்த வருத்தம் இருந்தது. அவர்கள் விட்டுப் போன இறைச்சியை எடுத்து வந்து பயன்படுத்தினார், அவர்கள் தங்கிய இடங்களில் கிடந்த குப்பையையும் சுத்தம் செய்தார்.

இப்போது பிரித்துப் பார்ப்போம். மீன், பழம், காய், இறைச்சி ஏரியிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தன. மாவு, ஓட்ஸ், பீன்ஸ், சர்க்கரை, உப்பு வெளியிலிருந்து வந்தன. நாள் முழுக்க மரம் அறுக்கும் உடம்பைத் தாங்கும் பலத்தின் பெரும்பங்கு அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது. தட்டில் கண்ணுக்கு அழகாகத் தெரிவது தோட்டத்துக் கீரை. வயிற்றை நிரப்பியது மூட்டையில் வந்த தானியம். நம் தோட்டத்திலிருந்து வரும் காய்கறியைப் பார்த்து உணவில் தற்சார்பு வந்துவிட்டது என்று நினைக்கும் எவரும் இந்தப் பிரிப்பைத் தங்கள் சமையலறையிலும் ஒரு மாதம் எழுதிப் பார்க்கலாம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் எங்கிருந்து வந்தன என்று.

விமானம்

இந்தக் கதையின் நடுமையம் இதுதான் என்று நினைக்கிறேன். பேப் ஆல்ஸ்வொர்த் என்ற விமானி இடைவெளி விட்டு வந்துபோனார். சாமான், கடிதம், விதை, கொஞ்சம் பேச்சு எல்லாம் அவரோடு வந்தன. பேப்பும் அவர் மனைவி மேரியும் 1940-களில் லேக் கிளார்க் ஏரிக்கரையில் ஹோம்ஸ்டெட் அமைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். விமான ஓடுபாதையும் தோட்டமுமாக வளர்ந்த அந்த இடம்தான் பின்னாளில் போர்ட் ஆல்ஸ்வொர்த் என்ற ஊரானது. ஆக, ப்ரெனிக்கியின் தனிமைக்குப் பின்னால் அக்கம்பக்கம் என்று ஒன்று இருந்தது. அது மலைக்கு அப்பால் இருந்தது, அவ்வளவுதான்.

கோடையில் மிதவை பொருத்திய விமானம் தண்ணீரில் இறங்கும். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய விமானம் உறைந்த ஏரியில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே, ஏரி உறையத் தொடங்கும் வாரங்களிலும் பனிக்கட்டி உடையும் வாரங்களிலும், எந்த விமானமும் இறங்க முடியாது. மிதக்கவும் முடியாது, சறுக்கவும் முடியாது. அந்த வாரங்களில் கால் உடைந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அவர் பாடுதான். அதனால் வேலையை நிதானமாகச் செய்தார், கோடரியை வீசும் முன் காலை எங்கே ஊன்றியிருக்கிறோம் என்று பார்த்தார், விறகையும் உணவையும் அந்த இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு முன்கூட்டியே சேர்த்தார். வெளி உதவி எப்போது வரும் என்பதைவிட, எப்போது வராது என்பதை வைத்துத்தான் அவர் தன் வருடத்தைத் திட்டமிட்டார்.

குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 45 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. குடிநீருக்காக ஏரிப் பனியில் வெட்டிய துளையை நாள்தோறும் மறுபடி திறக்க வேண்டும். அந்தக் குளிரில் எஃகு எளிதில் சிலும்பும், அதனால் கோடரியையும் கவனித்துக் கையாள வேண்டும். 165 சதுர அடிக் குடிசையின் அருமை அந்த நாட்களில் தெரிந்திருக்கும்.

தனியாக இருப்பது

தினமும் நாட்குறிப்பு எழுதினார். வெப்பநிலை, காற்று, ஏரியின் நிலை, பார்த்த விலங்கு, செய்த வேலை. 16 மில்லிமீட்டர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, தான் வேலை செய்வதைத் தானே படம் பிடித்தார். மரம் அறுக்கும் காட்சி வேண்டுமென்றால் கேமராவை ஓடவிட்டு, நடந்து போய் அறுத்துவிட்டு, திரும்பி வந்து நிறுத்த வேண்டும். வேலையே தலைக்குமேல் கிடக்கும்போது அந்தச் சிரமத்தை அவர் ஏன் எடுத்தார் என்று யோசித்திருக்கிறேன். தனியாக இருப்பவருக்குத் தன் நாளை யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்குறிப்பும் கேமராவும் அவருக்கு அந்த ஆளாக இருந்திருக்கும். கடிதங்களும் நிறைய எழுதினார். உறவுகளோடு தொடர்பை அவர் அறுத்துக்கொள்ளவே இல்லை. 16 மாதம் முடிந்ததும் குடும்பத்தைப் பார்க்கவும் சாமான் வாங்கவும் ஊருக்குப் போனார். அடுத்த வசந்தத்தில் திரும்பி வந்தார்.

இந்த முறை யாருக்குப் பொருந்தாது

பிள்ளை குட்டி இருப்பவருக்கு நேராகப் பொருந்தாது. பள்ளிக்கூடம், மருத்துவம், இன்னொருவரின் விருப்பம் எதுவும் ப்ரெனிக்கியின் கணக்கில் இல்லை. கடனோடு கிளம்புகிறவருக்கும் பொருந்தாது, அவருக்கு மாதாமாதம் காசு தேவை, இவருக்கு அது தேவைப்படவில்லை. பண்ணையிலிருந்தே வருமானம் எடுக்க வேண்டும் என்று நினைப்பவருக்கும் இங்கே பாடம் குறைவு. அவர் ட்வின் லேக்ஸில் எதையும் விளைவித்து விற்கவில்லை, தன் தேவையைச் சேமிப்பு எட்டும் அளவுக்குச் சுருக்கிக்கொண்டார்.

கைவேலை தெரியாதவருக்குப் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தும் என்பேன், ஆனால் வரிசை மாறும். அவர் 18 வருடம் கற்றதை நாம் இரண்டு மூன்று வருடத்தில், இப்போது இருக்கும் இடத்திலேயே தொடங்கலாம். ஒரு கதவை இழைத்துப் பொருத்திப் பார்ப்பது, ஒரு பருவம் முழுக்க ஒரு பாத்தியில் விளைந்ததை எடை போட்டு எழுதி வைப்பது, வாங்க நினைக்கும் நிலத்தில் மழைக்காலத்திலும் கோடையிலும் போய்த் தங்கிப் பார்ப்பது. இதற்கெல்லாம் வேலையை விட வேண்டியதில்லை.

பிறகு

அந்த 16 மாதம் ஏறக்குறைய 30 வருடமாக நீண்டது. 1978-இல் அந்த வட்டாரம் தேசிய நினைவுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1980 டிசம்பர் 2 அன்று லேக் கிளார்க் தேசியப் பூங்கா உருவானது. குடிசையில் ஒருவர் தொடர்ந்து எழுதி வைத்த வானிலைக் குறிப்பும் விலங்குக் குறிப்பும் பூங்காவுக்குப் பயன்பட்டன. அவர் அங்கேயே வாழ்ந்தார், வருகிறவர்களுக்குத் தான் செய்த கதவையும் கணப்பையும் காட்டினார்.

82 வயதில் குளிர்காலம் உடம்புக்கு மிஞ்சிப் போனது. கலிஃபோர்னியாவில் ஹெமெட் என்ற ஊரில் இருந்த சகோதரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 2003 ஏப்ரல் 20 அன்று அங்கே காலமானார். தனியாக வாழ்ந்த மனிதருக்குக் கடைசியில் போக ஒரு வீடு இருந்தது. 30 வருடமாகக் கடிதம் எழுதிக் காப்பாற்றிய உறவு அது.

குடிசையைப் பூங்காவிடம் விட்டுப் போனார். 2007-இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. கோடையில் மிதவை விமானத்தில் மக்கள் வந்து பார்க்கிறார்கள். மரக்கீலில் திறக்கும் கதவும், அவர் செதுக்கிய கரண்டிகளும், தகர டப்பாவில் செய்த பாத்திரங்களும் இருக்கும் இடத்துக்கு இன்றும் சாலை போடப்படவில்லை.